ஒரு குப்பி மருந்துக் கடன்

எங்களுக்கு ஒரு குப்பி மருந்து கடன்பட்ட அம்மையாரே! கிருமியோடு மல்லுக்கட்டிக் கண்பார்வை மங்கிய எங்கள் டாக்டரம்மா! இலையையும் மருந்தையும் இணைத்து வைக்க இளமையெல்லாம் இழைத்தவரே! வணக்கம்.

தாங்கள் ஓய்வு பெறும் நாளுக்கு, பொன்னெழுத்து வாழ்த்து மடல் ஒன்று மேல்மாடி அலுவலகத்திலிருந்து வருவதாக இருந்தது. "அது வேண்டாம், என் தட்டைக் கழுவினவங்க எழுதட்டும்" என்று சொல்லிவிட்டீர்களாம். ஆய்வுக்கூடத்தின் கழுவும் அறையில் நாங்கள் நால்வர். எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். அதுவும் பேரன் பிறந்த பிறகு கற்றது. சோப்புத் தண்ணீரில் ஊறிய கை, சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. பிழை பொறுத்தருள்க.

அடங்காத கிருமி, உள்ளே போன மருந்தை எச்சில் போல வெளியே துப்பிவிடுமாம். ஏதேனும் ஓர் இலைச்சாறு அதன் வாயைப் பொத்திவிட்டால், பழைய மருந்தே அதன் கதையை முடித்துவிடுமாம். அந்த ஓர் இலையைத் தேடி ஊறவைத்தீர்கள், வடிகட்டினீர்கள், உலர்த்தினீர்கள்! மறுநாள் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டைத் திறந்தால், அது பாலாடை போலப் படர்ந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கும். "சரி, அடுத்தது" என்பீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே எங்கள் தலையும் நரைத்தது, அம்மா.

என் மனைவியின் கால்புண்ணில் அதே வகைக் கிருமி ஏறி, எந்த ஊசிக்கும் இறங்காமல் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த வாரம்தான் ஒரு தட்டில், மருந்தும் சாறும் தோய்ந்த காகித வட்டைச் சுற்றிக் கிருமி செத்து, பளிங்கு போல் ஒரு பெரிய வளையம்! மாணவப் பிள்ளைகள் குதித்தார்கள். நான் ஓடிவந்து கையேந்தினேன். "அம்மா, ஒரே ஒரு குப்பி குடுங்க. எப்படியாச்சும் அவள காப்பாத்திடுறேன்."

தாங்கள் தட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "வெறும் வட்டு எங்கப்பா?"

இலை ஊறும் ஸ்பிரிட்டை மட்டும் தோய்த்து ஒரு வட்டு, எல்லாத் தட்டிலும் வைக்க வேண்டும் என்பது தங்கள் சட்டம். அவசரத்தில் பிள்ளைகள் அதை விட்டிருந்தார்கள். மீண்டும் வைத்துப் பார்த்தால், வெறும் வட்டைச் சுற்றியும் அதே வளையம். கொன்றது இலையும் இல்லை, மருந்தும் இல்லை. சரியாக உலராத ஸ்பிரிட்!

"நம்பிக்கையையாவது விட்டு வெச்சிருக்கலாம். நீங்க எனக்கு ஒரு குப்பி கடன்!" என்று கத்தினேன். தாங்கள் கோபிக்கவில்லை. "ஆமாண்ணே, கடன்தான்" என்றீர்கள்.

இரண்டு கால்விரலை எடுத்து அவளைப் பிழைக்க வைத்தார்கள். "போகட்டும், நகம் வெட்டுற வேலை மிச்சம்" என்றாள் அவள். தாங்களோ எங்கள் அறையைக் கடக்கும்போதெல்லாம், "அண்ணே, கடன் அப்படியே இருக்கு" என்று சொல்லிப் போனீர்கள். பின்னொரு நாள், நன்றாக உலர்ந்த சாறு ஒன்று மருந்தின் வளையத்தை ஒரு நகத்தளவு அகலமாக்கியது. சின்ன வளையம், ஆனால் நிஜம். அது என்றைக்கு மருந்தாகும், ஆகுமா என்றே யாருக்கும் தெரியவில்லை. தாங்களோ இன்று விடைபெறுகிறீர்கள்.

இதுவரை எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "அன்னிக்கு அந்தம்மா குப்பிய குடுத்திருந்தா, விரல வெட்ட விட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள் அவள்.

விட்டிருக்க மாட்டேன். ஸ்பிரிட்டை நம்பி அவளை வீட்டுக்குத் தூக்கி வந்திருப்பேன். பிறகு அவள் இருந்திருக்க மாட்டாள்.

"அப்புறம் என்ன கடன்? அடிச்சிடுங்க."

சட்டம் போட்டு மாட்டும் மடலில் அடித்தல் கூடாதாம். ஆகவே மேலே எழுதியது நிற்கட்டும், கீழே தீர்த்துவிடுகிறோம்.

பொய்யை மருந்தென்று புகட்டாத புண்ணியவதியே! விடிந்ததும் தட்டைத் திறக்கும் கவலை இல்லாமல் தூங்கி, குனிந்தே வளைந்த முதுகை நிமிர்த்தி, நோய் நொடியின்றி நெடுநாள் இருங்கள்.

ஒரு குப்பி மருந்துக் கடன் இன்றோடு தள்ளுபடி.

இப்படிக்கு,
கழுவும் அறை ஊழியர் நால்வரும்,
கடனைத் தள்ளியவளும்.