மூன்று மரை

எனக்கு அக்கார்டியன் வாசிக்கத் தெரியாது, ஐயா. கரடிக்கும் தெரியாது. அதன் விரல்கள் கட்டைகளின் மேல் ஓடும், துருத்தி விரிந்து சுருங்கும், பாட்டு மட்டும் மேடைக்கு அடியில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வரும். அக்கார்டியன் எப்படி விழுந்தது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அதைக் கரடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கரடி விடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அந்த இயந்திரக் கரடியைச் செய்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். குழந்தைகள் விளையாட்டுக் கூடத்தின் மேடையில் அது உட்கார்ந்து, தலையாட்டி, கண் சிமிட்டி, நாளொன்றுக்கு ஒன்பது காட்சி நடத்தும். செய்தது அவர். பதினெட்டு வருடமாக அதற்கு எண்ணெய் போட்டு, ரோமம் சீவி, குழந்தைகள் அதன் காதுக்குள் திணித்த மிட்டாயைத் தோண்டி எடுத்தது நான். குடும்பத்தில் அவருக்குப் பெயர் கரடிக்காரர். எனக்குப் பெயர் எண்ணெய்க்குப்பி. "எண்ணெய்க்குப்பி வந்துட்டான், இன்னொரு தட்டு வைங்க" என்று அக்கா பாசமாகத்தான் சொல்வாள். எனக்கு வலிக்கும். ஆனாலும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

போன வருடம் முதலாளி இரண்டாவது கூடம் திறக்க நினைத்து, அதே மாதிரி இன்னொரு கரடி கேட்டார். அத்தான் முடியாது என்றார்.

"ஒண்ணுதான் முதலாளி. ரெண்டாவது செஞ்சா ரெண்டுமே பொம்மையாயிடும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ செய்வியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சிரித்துவிட்டார். "மச்சானா? நல்லா தலை சீவி விடுவான்."

செய்கிறேன் என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலை நடந்தது. இரும்புச் சட்டம், ரோமத்தோல், மூக்கு எல்லாம் நன்றாகவே வந்தன. இமைதான் வரவில்லை. அத்தானின் கரடி கண் சிமிட்டினால் உங்களிடம் ஏதோ ரகசியம் சொல்வதுபோல் இருக்கும். என்னுடையது சிமிட்டினால் கடை ஷட்டரை இழுத்துப் பூட்டுவதுபோல் இருந்தது. வியாழக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. ஒரு வியாழன், அளவெடுக்க என்று பழைய கரடியின் இமையைக் கழற்றி எடுத்து வந்தேன். மறுநாள் காட்சி நிற்கக் கூடாதே என்று நான் செய்த இமையை அதற்குப் பொருத்தினேன். அளவெடுக்க வந்த இமை திரும்பிப் போகவில்லை.

அடுத்த வியாழன் தாடை. அதற்கடுத்து கழுத்துப் பல்சக்கரம், விரல் கம்பிகள், துருத்தி இழுக்கும் மோட்டார், கடைசியில் அக்கார்டியன். எதையும் திருடவில்லை, ஐயா. ஒன்றை எடுத்தால் ஒன்றை வைத்தேன். ஏழு மாதத்தில் என் கொட்டகையில் ஓர் அற்புதமான கரடி உட்கார்ந்திருந்தது. மேடைக் கரடிக்கு மட்டும் விக்கல் எடுக்க ஆரம்பித்தது.

"எண்ணெய் போடுறியா, இல்ல பேருக்குக் காட்டிட்டு வர்றியா?" என்று அத்தான் என்னைத்தான் திட்டினார்.

புதுக் கூடத்தின் திறப்பு நாளில் முதலாளிக்கு ஒரு குறும்பு தோன்றியது. இரண்டு கரடிகளையும் ஒரே மேடையில் வைத்தார். வலப்பக்கம் இருப்பது என்னுடையது என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அத்தானை மேடைக்கு அழைத்து, எது உங்களுடையது என்று கேட்டார். அக்கா, குழந்தைகள், பெற்றோர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். நேராக வலப்பக்கம் போய், கரடியின் தாடையைத் தொட்டார்.

"இது என்னுது."

நான் எழுந்து நின்றேன். "இல்ல அத்தான். அது நான் செஞ்சது."

"மச்சான், ஒவ்வொரு பாகத்துலயும் உள்பக்கம் ஒரு புள்ளி அடிச்சு வச்சிருக்கேன். தொறந்து காட்டட்டுமா?"

இங்கே தொழில் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். கரடியின் வயிற்றில் ஒரு மூடி இருக்கிறது. அக்கார்டியன் அதற்கு நேர் மேலே ஒரு தோல் வாரில் தொங்கும், எட்டுக் கிலோ. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். விதி அத்தான் போட்டது. அதை மதிக்காத ஒரே ஆளும் அவர்தான். குனிந்து, தலையை உள்ளே விட்டு, நெம்பித் திறப்பார்.

அன்றும் அப்படித்தான் திறந்தார். அக்கார்டியன் விழுந்தது. விழும்போது துருத்தியிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அது தானாக எழுப்பிய முதல் சத்தம் அதுதான். குழந்தைகள் கை தட்டினார்கள்.

தோள் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. வலது கையை இனி தோளுக்கு மேல் தூக்குவது சிரமம் என்கிறார் மருத்துவர்.

வாரைப் பிடித்திருந்த திருகாணியைப் பற்றிக் கேட்டீர்கள். அது நான் கடைந்தது. பாட்டின் அதிர்வைத் தாங்க வேண்டும், மூடியை நெம்பும் உலுக்கலுக்கு மட்டும் விட வேண்டும். மூன்று சுற்று மரையை மட்டும் விட்டு மீதியை அரத்தால் தேய்த்தேன். மூன்றா நான்கா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் நியாயமில்லாதவன் அல்ல. இடப்பக்கக் கரடியை அவர் காட்டியிருந்தால் அவர்மேல் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அந்தத் திருகாணியைக் கேட்டு வாங்கி, இடது கையில் உருட்டிப் பார்த்தார்.

"உன் வேலையா?"

"ஆமா அத்தான்."

"மரை நேரா வெட்டியிருக்கே" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வலப்பக்கக் கரடி உன்னுடையது என்று நீ உண்மையாகவே நம்பியிருந்தால், அத்தான் அதைத்தான் தன்னுடையது என்று திறப்பார் என எண்ணி அந்தத் திருகாணியை அதில் ஏன் வைத்தாய் என்கிறீர்கள். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தோலையும் சட்டத்தையும் விட்டால் கரடி முழுக்க அத்தானுடையது. அதில் என்னுடையது அந்தத் திருகாணி ஒன்றுதான். நான் செய்தவற்றில் முதல் தடவையே சரியாக வேலை செய்ததும் அது ஒன்றுதான்.