அக்காவின் முறை

— எனக்கு ஞாபகம் சரியா இருக்கான்னு தெரியலடா தம்பி. அந்த டாக்டர் மூஞ்சியே மறந்துபோச்சு. ஆனா அவர் சொன்னது மட்டும் காதுலயே நிக்குது. 'ரத்தம் பொருந்துது, எல்லாம் பொருந்துது, உங்க உடம்புதான் பொருந்தல'ன்னாரு.

— அப்படிச் சொல்லலக்கா. 'இந்த எடையில உங்க கிட்னிய எடுத்துத் தம்பிக்கு வெக்க எனக்குத் தைரியம் இல்ல'ன்னாரு. நான் பக்கத்துலதான இருந்தேன்.

— நீ எங்க இருந்த? உன்னை வெளிய உக்கார வெச்சிருந்தாங்க.

— சரி, ரெண்டுல ஒண்ணு. நீ உடனே 'அப்ப குறைச்சுட்டு வர்றேன்'ன. கடைக்குப் போய்ட்டு வர்ற மாதிரி.

— அப்ப அப்படித்தான் நெனச்சேன். இரைப்பையச் சின்னதாக்குற ஆபரேஷன் இருக்கு, பண்ணிக்கிட்டா தானாக் கரைஞ்சுடும்னாங்க. வரிசையில நிக்கணும்னாங்க. வரிசை எவ்ளோ நீளம்னு சொல்லல.

— நாலு வருஷம்.

— அஞ்சுடா. உன் பொண்ணு அப்ப பால் பல்லோட இருந்தா.

— அந்த பெஞ்சு வசதியா இருக்கா?

— நர்ஸம்மா புண்ணியம். உடை மாத்துற ரூம்லேர்ந்து எனக்காகத் தூக்கிட்டு வர்றாங்க. கை வெச்ச நாற்காலியெல்லாம் எனக்கு எதிரி. போன தடவை நான் எந்திரிச்சப்ப நாற்காலியும் கூடவே எந்திரிச்சுது.

— அத நெனச்சு நான் ரெண்டு நாள் சிரிச்சேன்.

— சிரி. நானும்தான் சிரிச்சேன். உன்னை வீட்ல இறக்கி விட்டப்புறம் கார்லயே உக்காந்து அழுதேன், அது வேற.

— சொல்லவே இல்ல.

— சொல்லி? மெஷின் உன் ரத்தத்தக் கழுவுமா, என் கண்ணத் துடைக்குமா?

— ஒரு ஐஸ் துண்டு எடுத்து வாயில போடுக்கா. நாக்கு ஒட்டுது.

— இந்தா. இதோட சரி. இனிமே கேக்காத.

— நீ என்ன சாப்ட?

— என்னத்தச் சாப்பிட. ரெண்டு வாரமா ஒரு மாவ கரைச்சுக் குடிக்கறேன். சுவத்துக்கு அடிக்கற வெள்ளை மாதிரி இருக்கு. ஈரல் சுருங்கணுமாம், அப்பதான் கத்தி உள்ள போக எடம் கிடைக்குமாம்.

— ஒருத்தருக்குத் தண்ணி ஆகாது, ஒருத்தருக்குச் சோறு ஆகாது. நல்ல குடும்பம்.

— தராசு ஏறினா நமக்கு ரெண்டு பேருக்கும் திட்டுதான். என்னை 'ஏன் குறையல'ம்பாங்க, உன்னை 'எவ்ளோ தண்ணி குடிச்ச'ம்பாங்க.

— ஆபரேஷனுக்குக் கூப்பிட்டு போன் வந்த அன்னைக்கு நீ எங்க இருந்த?

— குளிச்சுக்கிட்டு இருந்தேன். எடுக்கலன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்களே. அதனால நான் குளிக்கப் போனா உங்க மாமா போனைக் கையில வெச்சுக்கிட்டு கதவுக்கு வெளியவே நிப்பாரு. எத்தனை நாள் நின்னிருக்காரு, பாவம். அன்னைக்குக் கதவ இடிச்ச இடியில வீடு பத்திக்கிச்சோன்னு ஓடி வந்தேன்.

— மாமா அழுதாராமே.

— அழுதாரு. நான் அழல. எனக்கு அந்த டீச்சரம்மாதான் ஞாபகம் வந்தாங்க. எனக்கு முன்னாடி வரிசையில இருந்தாங்களே, தராசுல ஏறும்போது செருப்பு, வளையல், கண்ணாடியக்கூடக் கழட்டி என்கிட்ட குடுப்பாங்க. ஒருநாள் அவங்க பேரைக் கூப்பிட்டாங்க, யாரும் எந்திரிக்கல. மறுபடி கூப்பிட்டாங்க. அப்புறம் ஒருத்தர் வந்து அங்க இருந்த நர்ஸ் காதுல என்னமோ சொன்னாரு. அடுத்து என் பேரைக் கூப்பிட்டாங்க. நான் போயி ஏறி நின்னேன்.

— அதெல்லாம் நெனைக்காத.

— தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத.

— நீ இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வரும்.

— வியாழக்கிழமை வேணாமோன்னு தோணுது. ஆபரேஷனத் தள்ளி வெக்கச் சொல்லலாமா?

— ஏன், இப்ப என்னாச்சு?

— கொஞ்ச நாளைக்கு நான் கார் ஓட்டக் கூடாதாம். உன்னை யாரு இங்க கூட்டிட்டு வருவா?

— மாமா வருவாரு.

— உங்க மாமாவா? அவரு வண்டியப் பின்னால எடுத்தா தெருவே ஓரமா ஒதுங்கி நிக்கும்.

— அப்ப பஸ்ல வந்துக்கறேன்.

— போன வாரம் படிக்கட்டுல மயங்கி உக்காந்தது யாரு? நானா?

— தள்ளி வெச்சா மறுபடி வரிசைக்குப் பின்னால போகணும். ஏற்கெனவே ஒரு தடவை போயாச்சு.

— அத ஏன் இப்ப இழுக்குற.

— எனக்காகத்தான வீடு மாத்தின? அந்த வீட்லயே இருந்திருந்தா எப்பவோ கூப்பிட்டிருப்பாங்க. இந்தப் பக்கம் வந்ததும் 'இது வேற ஆஸ்பத்திரி எல்லை, முதல்லேர்ந்து பேரு குடுங்க'ன்னுட்டாங்க. அதையும் என்கிட்ட ஒரு வருஷம் மறைச்ச.

— வீடு மாறினா வரிசையும் போயிடும்னு யாருக்குடா தெரியும்? சாமான் ஏத்தின அன்னைக்கு நான் பாட்டுப் பாடிட்டு இருந்தேன். இனிமே தம்பி வீடு நடக்கற தூரம்னு.

— எனக்குக் கிட்னி குடுக்கத்தான் வரிசையில நின்ன. என்னை மெஷினுக்குக் கொண்டுவந்து விடறதுக்காக அந்த வரிசையையே விட்டுட்ட. நெனச்சா தூக்கம் வர்றதில்லக்கா.

— சரி விடு. நான் கொண்டுவந்து விடலன்னா நீ பாதி நாள் வந்திருக்கவே மாட்ட. உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாதா.

— ராத்திரியில உனக்கு மூச்சு நிக்குதாமே. தட்டி எழுப்பணும்னு மாமா தூங்கறதே இல்லயாம்.

— அவரு குறட்டைய நான் சொல்லவா?

— வெளையாடாத. இந்த ஆபரேஷன் பண்ணலன்னா உன் உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரா, இல்லயா?

— டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. இங்க பாரு, எனக்காகன்னா நான் அந்த மேஜை மேல ஏறவே மாட்டேன். தைக்கறது திரைச்சீலை, உக்காந்த எடத்துல வேலை. என்னை யாரு பாக்கப் போறா? எப்படியோ ஓட்டிருவேன். சின்ன வயசுலேர்ந்தே எனக்குக் கத்தின்னா பயம், உனக்கே தெரியும். உனக்காகத்தான் போறேன். நீ இல்லன்னா அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— எனக்காகத்தான் போறன்னு.

— உனக்கு இதயத்தப் படம் எடுத்தாங்களே, என்னாச்சு? டாக்டர் கூப்பிட்டுப் பேசினாருன்னியே.

— நல்லா இருக்குன்னாரு.

— வேற?

— அக்காவச் சீக்கிரம் இளைச்சுட்டு வரச் சொல்லுங்கன்னாரு.

— இளைச்சு, உடம்பு தேறி, அப்புறம்தான் கிட்னிய எடுப்பாங்களாம். இன்னும் ஒரு வருஷம் ஆகும். தாங்குவியாடா?

— இவ்ளோ நாள் தாங்கல?

— தாங்குவேன்னு என் மேல சத்தியம் பண்ணு.

— உன் மேலயா? கிட்னி உன்கிட்டல்ல இருக்கு. சத்தியம் பண்ணி அது கெட்டுப்போச்சுன்னா?

— எல்லாம் வத்திப்போச்சு, வாய் மட்டும் வத்தல உனக்கு.

— வியாழக்கிழமை போறியா?

— போறேன்டா. போறேன்னா போறேன். கண்ணு முழிச்சதும் முதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கணும். உங்க மாமா மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம், அது எங்கயும் போகாது.

— வந்து நிப்பேன்.

— பாருங்க, மெஷின் முடியப் போகுது, நான் ஊசியக் கழட்டணும். அக்கா, நீங்க போயி காரை வாசலுக்குக் கொண்டாந்துடறீங்களா? அண்ணன் இன்னைக்கு ரொம்ப நடக்க வேணாம்.

— இதோ போறேன் நர்ஸம்மா. இவன் ஐஸ் கேட்டா குடுக்காதீங்க, வாங்கித் தின்னாச்சு.

— சரிக்கா. மெதுவாப் போங்க, தரை ஈரமா இருக்கு. அக்கா போயாச்சு, கைய நீட்டுங்க அண்ணே. ஊசிய எடுக்கறேன். பஞ்ச அழுத்திப் பிடிச்சுக்கங்க.

— ம்.

— பாருங்க, நான் திரைக்குப் பின்னாடி அடுத்த மெஷினத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு.

— விழட்டும் சிஸ்டர்.

— நாளைக்கு அக்கா என்கிட்ட வந்து கேட்டா நான் என்ன சொல்றது?

— உங்கள கேக்க மாட்டா. நான் சொன்னா அவளுக்குப் போதும்.

— அதான் அண்ணே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. வியாழக்கிழமை வரைக்கும் சரி. அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் திட்டட்டும். மூச்சு வாங்காம, நின்னுக்கிட்டே திட்டட்டும்.

— பொய் சொல்லி அனுப்பறீங்களே, தப்பில்லயா?

— என் இதயம் விட்டுப்போச்சு, இனிமே யாரு கிட்னி குடுத்தாலும் எனக்கு வெக்க முடியாதுன்னு போன வாரம் டாக்டர் சொன்னத இப்பச் சொன்னா, அவ தனக்காகப் போவாளா சிஸ்டர்?