பாலத்துக்கு வந்த கம்பி

எங்கள் தோட்டத்துக் கோயிலில் கூட்டம் சேர மைக் செட்டெல்லாம் தேவையில்லை, மேடம். சர்க்கரைப் பொங்கல் கிண்டும் வாசனை போதும். கோலா பிலா டவுனில் வேலை பார்க்கிறவன்கூட மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வந்துவிடுவான். நான் அந்தக் கோயிலுக்குத் தலைவர். பெயர் இராஜமாணிக்கம். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவன். என்னைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் ஸ்டேஷன் லாக்கப்பில் இருக்கும் மகேந்திரனைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். அவன் தன் பெண்டாட்டி தனலெட்சுமியை ஆற்றில் தள்ளவில்லை. பாலத்தில் இரண்டு பேரும் சண்டை போட்ட சத்தம் கேட்டது என்று உங்களிடம் சொன்னவன் நான்தான். அப்படி எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. அதன்மேல் பழைய பலகைப் பாலம் இருந்தது. புதுப் பாலம் கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்துப்போன பிறகு சட்டமன்ற உறுப்பினர் ஒன்று கட்டிக் கொடுத்தார். அவரை ஒய்பி என்றுதான் கூப்பிடுவோம். வேலையை எடுத்தவர் அவருடைய மச்சான். இது தெரியாதவன் எங்கள் தோட்டத்தில் யாரும் இல்லை. "சாப்பிடத்தான் செய்றாரு, ஆனா நமக்கும் ஒரு வாய் ஊட்டுறாரு லா" என்று பெண்கள் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். கல்யாணம் என்றால் பந்தலும் நாற்காலியும் அனுப்புவார். பையன் எங்காவது மாட்டிக்கொண்டால் போன் போட்டுப் பேசுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் கணக்குக் கேட்பது எங்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

பாலத்துக்கான இரும்புக் கம்பி லோரியில் வந்து இறங்கியது. சாயங்காலம் மச்சானுடைய ஆட்கள் அதில் பாதியைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன். "ஏத்துனது போகட்டும் சார். மிச்சத்தைக் கோயிலுக்கு விட்டுடுங்க. வாசல் வளைவு பாதியிலயே நிக்குது."

மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தோளில் தட்டி, "தலைவரே, நீங்க நம்ம ஆளு லா" என்றார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. பாலத்துக்குள் பெயருக்கு நாலு கம்பி போட்டு, மேலே சிமெண்டைப் பூசி, மஞ்சள் சாயம் அடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை, மேடம். கோயிலில் கூட்டம் போட்டுச் சொன்னேன். பாலத்தை நாம் மட்டும்தான் பார்ப்போம், வளைவு என்றால் பெரிய ரோட்டில் போகிற கார்க்காரனும் திரும்பிப் பார்ப்பான் என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள். மகேந்திரன் மட்டும் எழுந்து நின்றான்.

"கம்பி இல்லாத பாலத்துல நம்ம பிள்ளைங்க நடக்கணுமா, தலைவரே? நான் மேலிடத்துக்குப் புகார் எழுதத்தான் போறேன்."

அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவனிடம் கோயில் வரி வாங்குவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். டவுனில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். எங்கள் தோட்டத்தில் வரி கொடுக்காதவன் வெறும் பாக்கிக்காரன்; ஆனால் நாங்களே வரி வாங்க மறுத்துவிட்டால் அவன் எங்களில் ஒருவன் இல்லை. அவன் வீட்டுப் பால்குடம் கோயிலுக்குள் வராது. விசேஷத்துக்கு யாரும் போக மாட்டோம். சாவு விழுந்தால் பாடை கட்டக்கூட ஆள் போகாது.

அப்போது அவர்கள் மகள் சடங்காகியிருந்தாள். தண்ணீர் ஊற்ற ஒரு பெண்கூட வரவில்லை. தனலெட்சுமி வரிப் பணத்தை வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, அவருக்கு வாய் மட்டும்தான். நான் அடக்கி வச்சிக்கிறேன். எங்க வரிய வாங்கிக்குங்கண்ணே."

அவனே வந்து கொடுக்கட்டும் என்றேன். அவனும் வந்தான். புகார் எழுத மாட்டேன் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். தட்டை வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமே ஊர்ப் பெண்கள் எல்லோரும் போய் அந்தப் பிள்ளைக்குச் சடங்கு செய்தார்கள். பார்த்தீர்களா, எவ்வளவு அமைதியாக முடிந்தது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு தனலெட்சுமி கோயில் வேலை எதுவானாலும் முதல் ஆளாக வந்து நின்றாள். எங்கே மறுபடியும் ஒதுக்கிவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குத் தெரியும். வேலை வாங்க வசதியாகவும் இருந்தது.

தேர்தல் வந்தது. வளைவைத் திறந்து வைக்க ஒய்பி வருவதாக ஏற்பாடு. அன்று காலையிலிருந்தே மழை. நான் குடையோடு போய்ப் பாலத்தைப் பார்த்தேன். தூண் ஓரத்தில் சிமெண்ட் வாய் பிளந்திருந்தது, தண்ணீர் அதைத் தொட்டு ஓடியது. அத்தனை வருஷம் டிராக்டர் ஓட்டியவனுக்கு, எது தாங்கும் எது தாங்காது என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் கயிறு இருந்தது. குறுக்கே கட்டிப் பாதையை அடைத்திருக்கலாம். ஆனால் புதுப் பாலத்தை ஏன் அடைத்தீர்கள் என்று நாலு பேர் கேட்பார்கள். ஒய்பிக்குத் தலைகுனிவு. அன்று ஒரு நாள் தாங்கிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இல்லை, அது பொய். தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஒய்பியின் டிரைவருக்குப் போன் போட்டேன். "பாலம் பக்கம் வராதீங்க. தோட்டத்து மண் ரோட்டுல சுத்தி வாங்க" என்றேன்.

ஒய்பி பத்திரமாக வந்து சேர்ந்தார். காலில் போட்டிருந்த சப்பாத்தெல்லாம் சேறு. நானே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

அவருக்குப் போட மாலை வாங்கி வரத் தனலெட்சுமியை டவுனுக்கு அனுப்பியிருந்தவனும் நான்தான். பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் பாலத்தில்தான் நடந்து வருவாள். அவளுடைய நம்பரும் அதே போனில் இருந்தது. ஒய்பிக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றிய எனக்கு, அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், மேடம். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைத்தால்தானே மறக்க?

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பாலம் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஆற்றில் ஒரு குடை போவதை நான் பார்த்தேன். மறுநாள் செம்பனை மரக் காட்டு ஓரத்தில் அவளை எடுத்தார்கள்.

ஒய்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எலெக்‌ஷன் நேரம், தலைவரே, யோசிச்சுப் பேசுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மகேந்திரன் பெயரை அவர் எடுக்கவே இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, அவன் தள்ளிவிட்டான், அதற்குப் பிறகுதான் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனது என்று கதை கட்டியது என் சொந்தப் புத்தி. அவன் அந்த நேரம் ஷிப்டு முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். நீங்கள் லயத்தில் விசாரித்தபோது எல்லோரும் நான் சொன்னதையே சொன்னார்கள். நான் யாரையும் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. கம்பிக்குக் கை தூக்கியவர்கள்தானே அவர்களும்.

நேற்றுத் தனலெட்சுமிக்குக் காரியம் நடந்தது. அப்பா லாக்கப்புக்குப் போனதிலிருந்து ரஹாங்கில் சித்தி வீட்டில் இருக்கும் மகள் சித்தியோடு வந்திருந்தாள். ஐயர் அப்பா பெயரைக் கேட்டார். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை. அவள் அம்மாவைக் கொன்றவன் அங்கேதான், அவள் பக்கத்தில், பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதனால்தான் இங்கே வந்தேன். மகேந்திரனை விட்டுவிடுங்கள். என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சட்டப்படி அது குற்றம் இல்லை, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஓட்டுப் போடப் போனேன். ஒய்பியை எதிர்த்து நின்றவர் ஒரு வாத்தியார். வீடு வீடாக நடந்தே வந்தார். பந்தலும் தரவில்லை, மாலையும் கேட்கவில்லை. பாலத்தில் கம்பி இருந்ததா என்று என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான். தடுப்புக்குப் பின்னால் நான் தனியாக நின்றேன். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப் போவதும் இல்லை. தனலெட்சுமியை நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன், மேடம். எடுத்து, ஒய்பிக்குத்தான் போட்டேன்.

அந்த வாத்தியார் நல்லவர்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்லவரிடம் போய் நாம் என்னத்தைக் கேட்பது?