இடப்பக்கம் ஒடியாத வண்டி

இடப்பக்கம் முழுதாகத் திரும்பாது என்று தெரிந்த வண்டியில் கண்ணாயிரம் என்பவர் என் அக்காள் மகன் மூர்த்தியை உட்கார வைத்து லோடு ஏற்றி அனுப்பினார். மூர்த்தி இறந்தான். அவன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று அதே கண்ணாயிரம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி இன்ஸ்பெக்டர் அவர்களைக் கேட்டுக்கொண்டேன். பெயர், விலாசம் இனி வருமாறு.

ராஜமாணிக்கம், வயது 67, தகப்பனார் பெயர் மண்ணாங்கட்டி, அடி அண்ணாமலை கிராமம், திருவண்ணாமலை தாலுக்கா, வட ஆற்காடு மாவட்டம். நாற்பது வருடமாகப் பம்புசெட் எஞ்சின்களுக்குப் பழுது பார்க்கிறேன். யாரிடமும் தொழில் கற்றதில்லை. பிரித்தும் பூட்டியும் நானே கற்றேன். எழுதப் படிக்கத் தெரியும்.

கண்ணாயிரம் செங்கம் ரோட்டில் ஷெட் வைத்து, வேலிக்கு நடும் கல்கால் வியாபாரம் செய்கிறவர். அவரிடம் 1950-ஆம் வருடத்து பார்கோ பிக்கப் வண்டி ஒன்று உண்டு. மூர்த்தி அதற்கு ஒன்பது வருடமாக டிரைவர். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, டீசல் எஞ்சின் பூட்ட வேண்டும் என்று சென்ற ஆவணி மாதம் கண்ணாயிரம் என்னை ஷெட்டுக்கு அழைத்தார். அங்கே இரண்டு பழைய எஞ்சின்கள் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று, கவிழ்ந்த வேனிலிருந்து எடுத்த நாலு சிலிண்டர். மற்றது, உடைத்துப் போட்ட லாரியின் ஆறு சிலிண்டர், ஐந்தே முக்கால் லிட்டர். நான் ஒரு மூங்கில் குச்சியை வண்டியின் எஞ்சின் இருக்கும் இடத்துக்குச் சரியாக அளந்து வெட்டி, இரண்டு எஞ்சின் மேலும் வைத்துக் காட்டினேன். நாலு சிலிண்டர் குச்சிக்குள் அடங்கியது. ஆறு சிலிண்டர் குச்சியைத் தாண்டி ஒரு சாணுக்கு மேல் நீண்டது. அந்தப் பாரத்தை முன் அச்சு தாங்காது, நாலு சிலிண்டரே போதும் என்று சொன்னேன்.

அதற்குக் கண்ணாயிரம், "இன்னா பெரியவரே, குச்சிய வெச்சா எஞ்சின் பாப்பாங்க? நாலு சிலிண்டரு நாப்பது கல்லுதான் இழுக்கும். எனக்கு எம்பது இழுக்கணும். உன் பம்புசெட்டு புத்திய கெணத்தோட வெச்சிக்க" என்று சொல்லி, குச்சியை வாங்கி ஒடித்து டீ அடுப்பில் போட்டார். வேலையாட்கள் சிரித்தார்கள். மூர்த்தி சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஆறு சிலிண்டர் எஞ்சினையே பூட்டினார்கள். நீளம் போதாததால், டிரைவர் காலுக்கு முன்னால் உள்ள தகட்டை அறுத்து, எஞ்சினின் பின்பாகத்தை உள்ளே தள்ளினார்கள். மூர்த்தியின் இடது முழங்காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே நாலு விரல் இடம்தான் இருந்தது. சூடு தெரியாமல் இருக்கச் சாக்கு சுற்றினார்கள். எஞ்சினைத் தாங்குவதற்கு இடப்பக்கம் ஒரு தகட்டை வெல்டு வைத்து, தடித்த போல்ட் போட்டார்கள். அதன் தலை கீழ்ப்பக்கம் ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு 18-9-1981 வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்து, வண்டியை மலையைச் சுற்றி ஓட்டி வந்தார்கள். எங்கள் பக்கம் எஞ்சின் மாற்றிய வண்டிக்கு அந்த ஒரு சுற்றுதான் சோதனை. வேறு யாரும் பார்ப்பதில்லை. மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள் என்பதால், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஒடிக்க வேண்டிய முனைகள் எல்லாம் வலப்பக்கமே வரும். இடப்பக்கம் லேசான வளைவுகள்தான். வண்டி பிசகில்லாமல் திரும்பி வந்தது. இதே சுற்றை எதிர்ப்பக்கமாகவும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

"மலைய அப்பிரதட்சணமா சுத்தணுமாம்டா. பெரியவரு சாவு வண்டின்னு நெனச்சிட்டாரு" என்று ஷெட்டின் வெல்டர் சொன்னான்.

அதன் பிறகு மூர்த்தி வண்டியை ஷெட்டுக்குள் விட இடப்பக்கம் முழுதாக ஒடித்தபோது, டக்கென்று ஸ்டியரிங் நின்றுவிட்டது. முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் இரும்புத் தண்டு அந்தப் போல்ட் தலையில் மாட்டியிருந்தது. நான் குனிந்து, கை வைத்துக் காட்டினேன். கண்ணாயிரமே ஏறி உட்கார்ந்து மூன்று தடவை ஒடித்துப் பார்த்தார். மூன்று தடவையும் மாட்டியது. எஞ்சினைத் தூக்கிப் போல்ட்டைத் தலைகீழாக மாற்ற அரை நாள் ஆகும் என்று சொன்னேன். அவர் மூர்த்தியைப் பார்த்து, "லெஃப்ட்ல கொஞ்சம் ஒடியலடா, அவ்ளோதான். ரிவர்ஸ் எடுத்து ரெண்டு வாட்டியா திருப்பிக்க. மலையவே சுத்திட்டு வந்துச்சு, இதுக்கு மேல எவன்கிட்ட பாஸ் வாங்கணும்?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் மூர்த்தி என் வீட்டுக்கு வந்து, "மாமா, காலைல லோடு ஏத்தறாங்க. போலாமா வாணாமா, நீ சொல்லு" என்று கேட்டான். "என்ன ஏன் கேக்குற? பூட்டனவன போய் கேளு" என்று சொன்னேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். நான் சொன்ன இந்தச் சொல்லையும் விடாமல் எழுத வேண்டும்.

மறுநாள் 21-9-1981 காலை பத்து மணிக்கு நான் செங்கம் ரோட்டு ஏரிக்கரை அருகே ஒரு கிணற்றில் வேலையாக இருந்தேன். ரோடு அந்த இடத்தில் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். எண்பது கல்காலோடு வந்த வண்டி பாதி திரும்பி, மேற்கொண்டு திரும்பாமல், நேராகப் புளியமரத்தில் மோதியது. நான் ஓடிப் போனேன். எஞ்சின் பின்னுக்கு வந்து மூர்த்தியின் மடிமேல் இருந்தது. அவனுக்கு நினைவு இருந்தது. "மாமா, காலு சுடுது" என்றான். வயலில் இருந்தவர்கள் வந்து கடப்பாறை போட்டு நெம்பினார்கள். எஞ்சின் சிறிது அசைந்தது. அப்போது கண்ணாயிரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, "கடப்பாறைய எடுங்கடா! எஞ்சின் பிளாக்கு விரிசல் உட்டுடும். செயின் பிளாக் வருது, இருங்க" என்று கத்தி, கடப்பாறையைப் பிடுங்கி ஏரியில் எறிந்தார். எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கும் அந்தச் செயின் பிளாக் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. மூர்த்தி பதினொரு மணிக்குப் பேச்சை நிறுத்தினான். எஞ்சின் ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. சாக்கு விரித்து அதன் மேல் வைத்தார்கள். மூர்த்தியை மண்ணில் கிடத்தினார்கள்.

மூன்றாம் நாள் இந்தப் போலீஸ் நிலையத்தின் வாசலில் வண்டியைப் பார்த்தேன். போல்ட்டின் தலை இல்லை. ரம்பத்தால் அறுத்த இடம் துருப்பிடிக்காமல் பளபளத்தது. தண்டில் அந்தத் தலை உரசிய தடம் மட்டும் நக அளவு ஆழத்தில் இருக்கிறது. அதை அறுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி ஆக வேண்டியது. அந்தத் தண்டை இன்ஸ்பெக்டர் அவர்கள் இன்றே கழற்றிச் சீல் வைக்க வேண்டும். வெல்டரை அழைத்து, போல்ட்டின் தலையை யார் சொல்லி, எந்தத் தேதியில் அறுத்தான் என்று கேட்க வேண்டும். உடலை அறுத்துப் பார்த்த டாக்டர், வயிற்றில் சாராயம் இருந்ததா இல்லையா என்று ஒரே வரியில் எழுதித் தர வேண்டும். இல்லை என்றால், குடித்திருந்தான் என்கிற சொல்லைப் புகாரில் அடித்து, அடித்ததை மூர்த்தியின் மனைவி பாஞ்சாலைக்கு நேரில் படித்துக் காட்ட வேண்டும். கடப்பாறை ஏரியில்தான் கிடக்கிறது. தண்ணீர் வற்றியதும் நான் எடுத்துத் தருகிறேன்.

கண்ணாயிரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டியைச் சீராக்கி, அதே எஞ்சினை அதே தகட்டில் தலை உள்ள போல்ட் போட்டுப் பூட்டி, எண்பது கல்கால் ஏற்றி, மூர்த்தி உட்கார்ந்த இடத்தில் தான் உட்கார்ந்து, மலை தன் இடப்பக்கம் இருக்கும்படி ஒரு சுற்று ஓட்டி வர வேண்டும். வந்துவிட்டால், மூர்த்தி மேல்தான் குற்றம் என்று நானே கையெழுத்துப் போடுகிறேன். மாட்டேன் என்றால், ஏன் மாட்டேன் என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு இன்ஸ்பெக்டர் அவர்கள் எழுத வேண்டும்.

எழுதியதை நானே வாங்கி இரண்டு தடவை படித்தேன். நான் பார்த்ததும் சொன்னதும் செய்ததும் இதுவே. இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) ம. ராஜமாணிக்கம்
5-10-1981