விருது வாங்கிய அழுகை

வாலாஜாபாத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பஸ் காஞ்சிபுரம் நோக்கிக் குலுங்கத் தொடங்கியதும் இளையவள் சொன்னாள்:

"நான் அந்த நடிகை மாதிரி அழுவுறேனாம்க்கா."

"எந்த நடிகைடி?"

"நெசவுக்காரி வேஷத்துக்கு விருது வாங்குனாங்களே, அவங்க. படத்துக்கு முன்னாடி எங்க வூட்டுல ஒரு மாசம் தங்கி, நான் தறியில உக்கார்றது, மூக்க சிந்துறது, வூட்டுக்காரர திட்டுறது எல்லாத்தயும் பாத்துக்கினே இருந்தாங்க."

"பெருமதானே?"

"என்னா பெரும? இப்ப நான் திட்டுனா அவரு கை தட்றாரு. எங்கம்மா செத்தப்ப தலையில அடிச்சிக்கினு அழுதேன். 'அப்படியே அந்தப் படம் மாதிரியே இருக்குது'ன்னு நாத்தனார் சொல்லிட்டா. பொணத்துக்கிட்டயே நாலு பேரு சிரிச்சாங்க. அழுகையே நின்னுபோச்சி."

ஜன்னல் கம்பிகளில் வெயில் ஏறுவதும் இறங்குவதுமாக வந்தது.

"சாவுக்கு அந்த நடிகை வந்தாங்களா?"

"வந்தாங்க. மொத்தக் கூட்டமும் அவங்க பக்கம் திரும்பிக்கிச்சி. அவங்க நேரா எங்கிட்ட வந்தாங்க. 'நீங்க அழுங்க, நான் பாக்கல'ன்னு சொல்லிட்டு, செவுத்துப் பக்கமா திரும்பிக் குந்திக்கினாங்க."

"அழுதியா?"

"அப்பதாங்க்கா அழுதேன்."