எர்த் வயர்

இல்லைத் தம்பி, பெற்றோல் இருக்கு, ராங்குக்குள்ளை குச்சி விட்டுப் பாத்திட்டன். நீங்கள் புதுப் பற்றரி போட்டபடியாலை ஸ்ராட்டரும் நல்லாச் சுத்துது. பெற்றோல்தான் மேலை வரேல்லை. சாவியை ஒருக்காத் திருப்பிப்போட்டுச் சும்மா இருங்கோ, ஸ்ராட் பண்ண வேண்டாம். என்ன கேக்குது? ஒண்டும் கேக்கேல்லை எல்லே. அதுதான் காருக்குப் பிடிச்ச வருத்தம். உந்த மொறிஸ் மைனருக்கு கரண்டிலை வேலை செய்யிற பம்ப். சாவி திருப்பின உடனை டிக் டிக் எண்டு அடிக்கவேணும்.

ஓம், அப்பான்ரை போனிலை இருந்த கஜானன் நான்தான். பதினொரு வருசமா உந்தக் காரை நான்தான் பாக்கிறன். செத்தவீட்டுக்கும் வந்தனான், நீங்கள் கண்டிருக்க மாட்டியள். கேற்றடியிலை நிண்டுபோட்டுத் திரும்பிப் போயிட்டன்.

இந்த பல்ப்பைப் பிடிச்சு, வெள்ளை வயரிலை தொடுங்கோ பாப்பம். எரியுதெல்லே? அப்ப பம்ப் வரைக்கும் கரண்ட் வருது, பியூசிலை பிழையில்லை. வாற கரண்ட் திரும்பிப் போக வழி வேணும், அதுக்குத்தான் உந்தக் கறுப்பு வயர், எர்த் வயர். அதைக் கடைசியாப் பாப்பம்.

ஏன் கடைசியா எண்டோ? சொல்லுறன். அம்மா மோசம் போய், அப்பா தனிச்சுப்போன கொஞ்ச நாளிலை தொடங்கினது. ரெண்டு கிழமைக்கு ஒருக்காப் போன் வரும். தம்பி, பம்ப் அடிக்குதில்லை, ஒருக்கா வந்திட்டுப் போறியே எண்டு. வந்து பாத்தால் எர்த் வயர் கழண்டு கிடக்கும். நல்லா இறுக்கிப் பூட்டிவிட்டுப் போவன். திரும்பவும் கழண்டிருக்கும். மூண்டாந் தரம் பாக்கிறன், ஸ்குறூவிலை புதுக் கீறல், பற்றரிக்கு மேலை குசினிக் கத்தி கிடக்கு. எடுத்து வைக்க மறந்திட்டார்.

நான் கத்தியைக் காணாத மாதிரி நிண்டன்.

அதுக்குப் பிறகு ரெண்டு நிமிச வேலையை ஒரு மணித்தியாலம் செய்வன் தம்பி. பிளக்கைக் கழட்டித் துடைப்பன், நல்லா இருக்கிற பியூசைக் கழட்டித் திரும்பப் பூட்டுவன், காருக்கு இல்லாத வருத்தமெல்லாம் தேடுவன். உங்கடை அப்பா, எங்கடை ஓவசியர் ஐயா, பிளேன்ரீக் கோப்பையோடை உந்தக் கதிரையிலை இருந்து கதைப்பார். தான் மதகு கட்டின கதை, கொந்தராத்துக்காரரோடை சண்டை பிடிச்ச கதை. பிறகு உங்கடை மகள் ஜெயனியின்ரை கதை. பிள்ளைக்கு முதல் பல்லு விழுந்த நாள் எனக்குத் தெரியும், நீங்கள் நோர்வேயிலை வாங்கின வீட்டுக்கு எத்தினை யன்னல் எண்டும் தெரியும்.

பாவம் பாத்து வந்தனான் எண்டு நினையாதையுங்கோ. மனிசியும் பிள்ளையும் பிரான்சுக்குப் போய் ஆறு வருசம், எனக்கு விசா ரெண்டு தரம் இல்லையெண்டிட்டாங்கள். வீட்டிலை சுவரோடை கதைக்கேலுமே? ஐயான்ரை போன் வராத கிழமை எனக்கும் விசர் பிடிக்கும்.

பொங்கல் முடிஞ்சு அடுத்த கிழமை, கராஜிலை மூண்டு வாகனம் நிக்குது. ஒரு வான்காரன் தலைக்கு மேலை நிண்டு கத்துறான், ஹயர் ஓட்டம் தவறிப் போச்சாம். அந்த நேரம் பாத்துப் போன். தம்பி, பம்ப் அடிக்குதில்லை எண்டார். நான் சொன்னன், ஐயா, நீங்கள் கழட்டின வயர்தானே, நீங்களே பூட்டுங்கோவன் எண்டு.

பகிடியாத்தான் சொன்னனான். வான்காரன்ரை சத்தத்துக்குள்ளை அது பகிடி மாதிரிக் கேட்டிராது. ஓம் தம்பி, குறை நினையாதை எண்டுபோட்டுப் போனை வைச்சிட்டார். அதுக்குப் பிறகு அவரிட்டை இருந்து போன் வரேல்லை. கோவம் போலை, ஆறட்டும் எண்டு நானும் விட்டிட்டன். நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு மூண்டு மாசம் போச்சு. சந்தியிலை மரண நோட்டீஸ் ஒட்டியிருக்கத்தான் கண்டன்.

சரி, கறுப்பு வயரையும் பாக்கத்தானே வேணும். நாளையிண்டைக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் காரியத்துக்குக் கீரிமலைக்கு அப்பான்ரை காரிலைதான் போறதெண்டு நிக்கிறியள். லைற்றைக் கிட்டப் பிடியுங்கோ.

வயர் கழரேல்லைத் தம்பி. ஸ்குறூ இறுகிக் கிடக்கு. மேலை சுத்தியிருக்கிற கறுப்பு ரேப்பைப் பாருங்கோ, அது நான் சுத்தினதில்லை. நான் சொன்னபடி செய்து பாத்திருக்கிறார்.

பொறுங்கோ, ஸ்பனராலை பம்ப்பிலை ஒரு தட்டுத் தட்டிப் பாப்பம். இல்லை, அடிக்கேல்லை. மூடியைக் கழட்டுறன். பாத்தியளே, உள்ளுக்குக் கரண்டை விட்டு விட்டுக் குடுக்கிற பொயின்ற் ரெண்டும் எரிஞ்சு, அதுக்கு மேலை களிம்பும் பிடிச்சுப்போச்சு. இது நேற்று முந்தநாள் எரிஞ்சதில்லை. தைக்குப் பிறகு கார் வெளிக்கிடவேயில்லை, சுன்னாகம் சந்தைக்கும் சைக்கிளிலைதான் போனவர் எண்டு முன்வீட்டு அக்கா சொன்னதெண்டு காலமை நீங்கள்தானே சொன்னனீங்கள்.

அண்டைக்கு அவர் கழட்டேல்லை. அண்டைக்கு உண்மையாவே பம்ப் அடிக்கேல்லைத் தம்பி. திரும்பப் போன் எடுத்துச் சொன்னாலும் நான் நம்பமாட்டன் எண்டு இருந்திட்டார்.

ஓம் ஓம், கார் ஓடும். பழைய பொயின்ற் சோடி ஒண்டு கராஜிலை கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன். இண்டைக்கு உண்மையாவே ஒரு மணித்தியால வேலை இருக்கு. நீங்கள் உந்தக் கதிரையிலை இருங்கோ.