வார்னிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் நான்கு உறைகள்

அட்டையில் வண்ணம் தீட்டுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, பெயின்ட்டில் தண்ணீரை அதிகம் கலப்பதுதான். அட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, காய்ந்ததும் படகு மாதிரி வளைந்துவிடும். பிறகு என்ன பாரம் வைத்தாலும் நிமிராது. கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். ஒரு டப்பா விற்றால் போதும் என்று நினைக்கிறவன் இல்லை நான்.

உங்களுக்கு இந்தத் தொழில் புதிதாக இருக்கலாம் சார். கால்பந்து வீரர்கள், டிராகன்கள் எல்லாம் அச்சிட்ட சின்ன அட்டைகளைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களில் சிலர் அச்சுப் படத்தை ரப்பரால் தேய்த்து மங்க வைத்துவிட்டு, அதன்மேல் தாங்களே வரைவார்கள். உலகத்தில் இன்னொருவரிடம் இல்லாத அட்டை கிடைத்துவிடும். அதற்கு வேண்டிய மெல்லிய பிரஷ், அக்ரிலிக் பெயின்ட், வார்னிஷ், பிளாஸ்டிக் உறை எல்லாம் என்னிடம் உண்டு. நகல் எடுக்கும் கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் என் கடை. பின்னால் நான் தூங்கும் அறை. பத்தொன்பது வருடம் ஆகிறது. ஆறாவது வருடத்தில் என் மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. "இந்த வீட்ல பேச ஆளில்ல" என்றாள். அவள் அதைச் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

அந்தப் பையன் இருபத்தைந்து வயதுக்காரன். பூஜ்ஜியம் நம்பர் பிரஷ் மட்டுமே வாங்குவான் என்பதால் அவனை ஜீரோ என்று கூப்பிடுவேன். நல்ல கை. ஒரு நாள் அவன் அப்பா கோபத்தில் அவன் அட்டைகள் இருந்த பெட்டியைத் தூக்கி மழையில் வீசிவிட்டார். பையன் நனைந்த சட்டையோடு வெளியூர் பஸ் ஏறிவிட்டான். தாய் இல்லாத வீடு. சமாதானம் சொல்ல ஆளில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த அப்பா என் கடைக்கு வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்துநாலு வயது. கையில் ஒரு கோல்கீப்பர் அட்டை. பின்னணி முழுக்கத் தீட்டியிருந்தது. முகம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"பெட்டியில உங்க கடை ஸ்டிக்கர் இருந்துச்சு தம்பி. அவன் போன் நம்பரையும் மாத்திட்டான். எங்க போனான்னு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுண்ணே" என்றேன். அன்றைக்கு அது உண்மை. எழுதிக்கொள்ளுங்கள்.

"இந்த ஒண்ணுதான் நனையாம தப்பிச்சுது. இத முடிச்சு வச்சா, வந்ததும் குடுக்கலாம். எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

அடுத்த நாளிலிருந்து தினமும் மூன்று மணிக்கு வந்தார். பிரஷ்ஷை அவர் பிடித்த பிடியைப் பார்த்து, "கியர் மாத்தாதீங்கண்ணே, வரையுங்க" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் பேச்சுக்கு ஒருவர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். கணக்குக் கிடைக்கவில்லை. ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். எனக்கு ஊற்றிவிட்டுத்தான் தனக்கு ஊற்றிக்கொள்வார். நான் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டேன். இரண்டரைக்கே தலை சீவிக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஏழாவது மாதம் கடைக்கு ஒரு போன் வந்தது. ஜீரோ. வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம். பெயின்ட் அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கினான்.

"அண்ணே, எங்கப்பா அந்தப் பக்கம் எப்பவாவது வர்றாரா?"

டிரைவர் அண்ணன் என்னிலிருந்து நாலடி தூரத்தில் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்பவாவது" என்றேன்.

"என்னைப் பத்திக் கேப்பாரா? கோவம் போயிடுச்சா?"

"கொஞ்ச நாள் போகட்டும்பா. அவசரப்படாத."

போனை வைத்ததும் "யாரு தம்பி?" என்றார். வெளியூர்க் கஸ்டமர் என்றேன். அதுவும் பொய் இல்லை பாருங்கள். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அன்று அவர் கிளம்பும்போது, "நாளைக்கு அந்தக் கண்ணு ரெண்டையும் முடிச்சிரலாம் தம்பி" என்றார். நாளைக்கு என்று ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார். மகன் கூப்பிட்டால் மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவார். அப்புறம் மூன்று மணி வரும், அவர் வரமாட்டார். நீங்களாக இருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பீர்களா?

அவருடைய போன் பழையது, அடிக்கடி நின்றுபோகும். நான் புதிது ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பழைய நம்பரைப் புது போனுக்கு மாற்ற முடியாது என்று கடைக்காரர் சொன்னதாகச் சொல்லி, புது நம்பர் போட்டுக் கொடுத்தேன். தையல்கடை மாடியில் ஒரு அறை காலியானபோது, தினமும் இரண்டு பஸ் மாறி வருவானேன் என்று பேசி அவரை அங்கே குடிவைத்தேன். பழைய வீட்டுக்காரரிடம் புது முகவரி கொடுப்பதை நானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று அவர் தையல்காரரிடம் சொல்லியிருக்கிறார். கேட்டுப் பாருங்கள்.

பையன் விடவில்லை. பழைய வீட்டுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டதாம். அதனால் என் கடை முகவரிக்கு அனுப்பினான். "அப்பா கையில குடுத்துடுங்கண்ணே" என்று மேலே ஒரு சீட்டு. முதல் உறைக்குள் கடிதத்தோடு ஓர் அட்டையும் இருந்தது. லாரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்பா. கிருதா நரையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. சொன்னேனே, நல்ல கை. பத்து மாதத்தில் நான்கு உறைகள். ஒன்றையும் நான் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. மடிப்பு விழாமல் பிளாஸ்டிக்கில் போட்டு, அலமாரியில் வார்னிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

பையன் போனில் கேட்கும்போது, "உன் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடறார்பா. இப்ப நேர்ல வந்தா உள்ளதும் கெட்டுடும்" என்பேன். இவர் கேட்கும்போது, "இன்னும் ஒண்ணும் தகவல் இல்லண்ணே" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வரையத் திரும்புவார். கோல்கீப்பருக்கு மகன் முகத்தையே வரைந்துவிட்டார். மூக்கு மட்டும் சரியாக வரவில்லை என்று ஒன்பது தடவை அழித்தார். அந்த ஒன்பது தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன். அவனா இருந்தான்?

அன்றைக்குச் சரக்கு வண்டி வந்தது. பெட்டிகளை எண்ணி வாங்க நான் வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வார்னிஷ் டப்பாக்கள் கீழே வரிசையாக இருந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்துச்சு தம்பி இது?"

"பத்து மாசம் இருக்கும்."

அவர் கத்தவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

"மாத்திரை ஒழுங்காப் போடறேனான்னு கேட்டிருக்கான்" என்றார். அப்புறம், "நான் போகணும்" என்றார்.

எழுந்தார். இரண்டு எட்டு வைத்தவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே, "ஆஸ்பத்திரி... அவனுக்குப் போன் போடுங்க தம்பி" என்றார்.

"போடறேண்ணே" என்றேன்.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. பத்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது தவறு. நகல் கடைக் கேமராவில் நான் மூன்று இருபதுக்கு ஷட்டரை இறக்குவது தெரிகிறது. நான் போன் செய்தது நான்கு மணிக்கு. நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் நான் மறக்கவும் இல்லை, பதறவும் இல்லை. தண்ணீர் கொடுத்தேன். விசிறிவிட்டேன். அந்த மூக்கு உண்மையில் சரியாகத்தான் வந்திருக்கிறது என்று சொன்னேன். போன் செய்தால் வண்டி வரும், பிழைத்துக்கொள்வார், பிழைத்தால் போய்விடுவார். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூச்சு நின்றதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் கூப்பிட்டேன். நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

பையனுக்கும் அப்புறம்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதான். "கடைசியில நீங்களாவது கூட இருந்தீங்களேண்ணே" என்றான். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் சட்டைக்குள்ளிருந்து அவன் எழுதிய கடிதம் ஒன்றை எடுத்து அவனிடமே கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் எப்போது செருகிக்கொண்டார் என்று நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு பையன் என்னிடம் பேசவில்லை. வருத்தம்தான்.

ஒன்று மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் போன் மாடி அறையில் இருந்தது, என் போன் என் சட்டைப்பையில் இருந்தது. பேச்சு நின்ற பிறகு அவர் கையை அங்கே கொண்டுவந்தார். அது என் நெஞ்சு சார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் இழுத்து, இறுக்கிப் பிடித்தார், நகம் பதிகிற அளவுக்கு. என்னை விட்டுப் போக நினைத்த மனிதர் அப்படிப் பிடிப்பாரா?